பிள்ளை நலமாக உள்ளார்

திங்கட்கிழமை காலை முதல் சட்டப்படி வேலை என்று எங்கள் சங்கம் அறிவித்திருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை மத்தியானம் நான் என் மேசையில் உட்கார்ந்து கோப்புகளைப் பிரித்துக்கொண்டிருந்தேன்.

சட்டப்படி வேலை என்றால் வேலைக்கு வராமல் இருப்பதல்ல. நியமனக் கடிதத்தில் இருக்கும் வேலையை மட்டும், அதில் இருக்கும் முறைப்படி மட்டும் செய்வது. ஆள் இல்லாத பதவிகளின் வேலையை 'பதில் கடமை' என்ற பெயரில் எங்கள் தலையில் ஏற்றியிருந்தார்கள். அந்தக் கோப்புகளுக்குப் பட்டியல் போட்டு, திங்கட்கிழமை காலை பிரதேச செயலாளரின் மேசையில் திருப்பி வைக்க வேண்டும். இனி யாரும் தனியாகத் தோட்டங்களுக்குப் போவதில்லை. அப்படியும் பதில் வராவிட்டால் எல்லோரும் ஒரே நாளில் சுகயீன விடுமுறை எடுத்துக்கொண்டு நுவரெலியாவில் மாவட்டச் செயலகமான கச்சேரியின் வாசலில் நிற்பது. இதுதான் முடிவு.

நான் சிறுவர் உரிமை உத்தியோகத்தர். லிந்துலைக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் பிறந்து, அம்மா கொழுந்து பறித்த கூலியில் படித்து, பரீட்சை எழுதி இந்த வேலைக்கு வந்தவள். நான் சேர்ந்தபோது எங்கள் அலுவலகப் பகுதிக்கு மூன்று பேர் இருந்தோம். ஒருவர் ஓய்வு பெற்றார். இன்னொருவர் நாடு பொருளாதார நெருக்கடியில் விழுந்த வருடத்தில் வெளிநாடு போய்விட்டார். புதிய ஆட்களை எடுப்பதை அரசாங்கம் நிறுத்தியிருந்தது. மூன்று பேர் பார்த்த தோட்டங்கள் எல்லாம் என்னிடம் வந்தன. அதற்கு மேல் மண்சரிவு முகாம், நிவாரணப் பட்டியல், அது இது என்று எல்லாவற்றுக்கும் எங்களைத்தான் கூப்பிடுவார்கள்.

எங்கள் சங்கம் பொறுமையிழந்ததற்கு உடனடிக் காரணம் வேறு. அடுத்த பிரிவில் ஒரு பெண் உத்தியோகத்தர் தனியாக ஒரு வீட்டுக்குப் போன இடத்தில், குடித்திருந்த தகப்பன் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு விரட்டியிருந்தான். அவர் தேயிலைச் செடிகளுக்குள் விழுந்து ஓடித் தப்பினார். மறுநாள் அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே, அந்த வீட்டுக்குப் போன விஜய அறிக்கை எப்போது வரும் என்று அலுவலகத்திலிருந்து போன் பண்ணினார்களாம். அந்தப் போன்தான் எல்லோரையும் கொதிக்க வைத்தது.

அந்த வெள்ளிக்கிழமை எனக்கும் கோபம்தான். கோபத்தோடுதான் ஒவ்வொரு கோப்பாக எடுத்தேன். இலக்கம், பிள்ளையின் பெயர், தோட்டம், கடைசியாகப் போன நாள். இந்த நான்கையும் தாளில் எழுதிக் கோப்பைத் தரையில் அடுக்கினேன். அலுமாரியின் ஒரு தட்டு முடிந்து அடுத்த தட்டுக்கு வந்தபோது ஒரு நீலக் கோப்பு கைக்கு வந்தது. பன்னிரண்டு வயதுப் பெண் பிள்ளை. தாய் வெளிநாட்டில் வீட்டு வேலையில். தகப்பன் கொழும்பில் ஏதோ கடையில். தகப்பனின் தங்கை, அதாவது அத்தை, வளர்க்கிறார். பிள்ளை ஒழுங்காக வருவதில்லை என்று பாடசாலை அதிபர் அறிவித்ததால் திறந்த கோப்பு. எனக்கு முன்பிருந்தவர் தொடங்கியது.

கடைசித் தாளில் என் கையெழுத்து. 'கள விஜயம் மேற்கொள்ளப்பட்டது. பிள்ளை நலமாக உள்ளார். ஒழுங்காகப் பாடசாலை செல்கிறார்.' கீழே என் ஒப்பம், ஆறு மாதத்துக்கு முந்திய திகதி.

அந்த நாள் எனக்கு நினைவிருந்தது. ஒரே நாளில் ஏழு வீடுகள். கோப்புகளைச் சுமந்துகொண்டு மலையேற முடியாது என்று குறிப்புப் புத்தகத்தில் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டு போயிருந்தேன். மழை. இது ஐந்தாவது வீடு. லயத்துக் காம்பிரா அறையின் இஸ்தோப்புத் திண்ணையில் ஒரு பிள்ளை உட்கார்ந்து வெள்ளைச் சப்பாத்தைப் பிரஷ் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள். உருண்டை முகம், சிவப்புக் கம்பளிச் சட்டை. ஸ்கூலுக்குப் போறீங்களா என்று கேட்டேன். போறேன் மிஸ் என்றாள். நல்லாப் படிக்கணும் என்று தலையைத் தடவிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். திரும்பி வந்து எழுதிய தாளை அலுவலக உதவியாளர் கோப்பில் குத்தி வைத்தார். கோப்பை நான் திறக்கவே இல்லை.

இப்போதுதான் திறந்தேன். முன் அட்டையின் உள்பக்கம் ஒரு படம் குத்தியிருந்தது. பாடசாலைக்காக எடுத்த சிறிய படம். ஒல்லியான நீள முகம். வலது புருவத்தைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் ஒரு பழைய தழும்பு.

நான் பார்த்த பிள்ளைக்குத் தழும்பு கிடையாது. இது வேறு பிள்ளை.

முதலில் படம் மாறியிருக்கும் என்று நினைத்தேன். படத்தின் பின்னால் பெயரும் வகுப்பும் அதிபரின் முத்திரையும் இருந்தன. காது அடைத்தது போல ஆனது. பக்கத்து மேசையில் யாரோ தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். விரல்கள் அசைவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. நான் எழுதிய வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். எழுத்து அழகாக இருந்தது. எனக்கு எப்போதும் கையெழுத்து நன்றாக வரும்.

எங்கள் சங்கத்தின் கிளைச் செயலாளர் அதே அலுவலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர். யாழ்ப்பாணத்துக்காரர். இருபது வருடத்துக்கு மேலாக மலையகத்தில்தான் இருக்கிறார், ஆனால் பேச்சு கொஞ்சமும் மாறவில்லை. கோப்பை எடுத்துக்கொண்டு அவரிடம் போய்க் காட்டினேன். பிள்ளைகள் வளர்ந்தால் முகம் மாறும் என்றார். புருவம் மாறாது என்றேன். அவர் படத்தையும் என் முகத்தையும் பார்த்துவிட்டுக் கோப்பை மூடினார். திங்கட்கிழமை இதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் இது என் பொறுப்பில் இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் அந்த எண்ணம் எனக்கே ஒரு கணம் வந்து போனது. அதை மறைக்க விரும்பவில்லை.

சனிக்கிழமை காலை தலவாக்கலைக்கு வந்து, அங்கிருந்து தோட்டத்து பஸ் பிடித்துப் போனேன். பஸ் நிற்கும் இடத்திலிருந்து லயத்துக்கு அரை மணி நேர ஏற்றம். அத்தை மலையில் கொழுந்து பறிக்கப் போயிருந்தார். பகல் சாப்பாட்டுக்கு வரும்வரை இஸ்தோப்பில் காத்திருந்தேன். கதவுக்குப் பின்னால் அந்த உருண்டை முகப் பிள்ளை நின்று என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் சிரித்தேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

அத்தை வந்தார். நாற்பது வயதுகூட இருக்காது. மழைக்கும் ஈரத்துக்கும் இடுப்பில் கட்டியிருந்த படங்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. என்னைக் கண்டதும் படியிலேயே நின்றுவிட்டார். டீ குடிக்கிறீங்களா மிஸ் என்று மட்டும் கேட்டார். நான் போனில் எடுத்து வைத்திருந்த படத்தைக் காட்டினேன்.

"அக்கா, இந்தப் புள்ள எங்க?"

அவர் படத்தை வாங்கிப் பார்க்கவில்லை. கூடையை இறக்கி வைத்து, படங்கை அவிழ்த்து, மடித்து, சுவரோரம் வைத்தார். பிறகு தரையில் உட்கார்ந்தார்.

"கொழும்புல இருக்கு மிஸ். ஒரு வீட்டுல வேலைக்கி."

எப்போதிருந்து என்று கேட்டேன். நான் வந்து போனதற்கு இரண்டு மாதம் முன்னாலேயே போய்விட்டாள் என்றார். அப்படியென்றால் அன்றைக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்டபோது என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. ஒரு அதிகாரியின் குரல் போல அது உயர்ந்திருந்தது.

"நீங்க கேக்கலையே மிஸ். எம்மகளப் பாத்து, இந்தப் புள்ளதானேன்னு கேட்டீங்க. நான் தலையாட்டினேன். நீங்க எழுதிக்கிட்டுப் போயிட்டீங்க."

அது உண்மை. அவர் சொன்ன பிறகு எனக்கு நினைவு வந்தது. இந்தப் பிள்ளைதானே என்று நான்தான் கேட்டேன். பதிலையும் சேர்த்தே கொடுத்த கேள்வி அது. அவர் தலையாட்ட வேண்டியது மட்டும்தான் பாக்கி.

அவர் என்னைக் குற்றம் சாட்டவில்லை. அவரே தொடர்ந்து சொன்னார். புருஷனுக்கு முதுகில் அடிபட்டு வேலை இல்லை. அண்ணி வெளிநாட்டிலிருந்து போன் எடுப்பது நின்று பல மாதம். அண்ணன் வருவதே இல்லை. டவுனிலிருந்து ஒரு பெண் வந்து, நல்ல வீடு, சாப்பாட்டுக்குக் குறையில்லை, படிக்கவும் வைப்பார்கள் என்று சொல்லிக் கூட்டிப் போனாள். அந்தத் தரகுப் பெண் பிறகு இந்தப் பக்கம் வரவில்லை. மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளை போனில் பேசும், இரண்டு நிமிடம்.

கடைசியாக அவர் சொன்னதைத்தான் என்னால் இன்றும் தாங்க முடியவில்லை.

"நீங்க போனப்பறம் ஒரு வாரம் பயந்துகிட்டே இருந்தேன் மிஸ். திரும்பி வருவீங்க, புடிச்சிருவாங்கன்னு. நீங்க வரல. சரி, ஒப்பீஸுக்கும் இது போதும் போலன்னு நெனச்சிக்கிட்டேன்."

பிள்ளை பேசும் கொழும்பு இலக்கத்தை அவர் போனிலிருந்து எழுதிக்கொண்டேன். இறங்கி வரும்போது பாதையில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். கொழுந்து ஏற்றிக்கொண்டு போன லொறிக்காரர் நிறுத்தி, சுகமில்லையா மிஸ் என்று கேட்டார். ஒன்றுமில்லை என்றேன்.

நேராகப் பொலிஸ் நிலையத்தின் சிறுவர் மகளிர் பிரிவுக்குப் போனேன். அங்கிருந்த பெண் பொலிஸ் ஒரு சிங்களப் பிள்ளை, என்னைவிட இளையவள். முறைப்பாட்டை எழுதிக்கொண்டே வந்தவள், பிள்ளைக்குப் பொறுப்பான உத்தியோகத்தரின் கடிதம் வேண்டும் என்றாள். நான்தான் அந்த உத்தியோகத்தர் என்றேன். அவள் பேனாவை நிறுத்தி, அப்படியென்றால் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்தது எப்போது என்று கேட்டாள். ஒருபோதும் பார்த்ததில்லை என்று சிங்களத்தில் சொன்னேன். அவளுக்கு விளங்கவில்லை என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன். விளங்கியிருந்தது. அவள் குனிந்து எழுதினாள்.

ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் கிளைக் கூட்டம். ஒரு டியூஷன் வகுப்பு நடக்கும் அறை. இருபது பேருக்குக் கிட்ட வந்திருந்தார்கள். பதாகையில் என்ன எழுதுவது, பத்திரிகைக்காரர்களுக்கு யார் பேசுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான் எழுந்து நடந்ததைச் சொன்னேன். செயலாளர் என்னை வெளியே வராந்தாவுக்குக் கூப்பிட்டார்.

"நீர் செய்தது சரி. பொலிசுக்குச் சொன்னதும் சரி. ஆனா இதை வெளியில சொன்னா, நாளைக்கு எல்லாரும் ஆள் பற்றாக்குறையை விட்டிட்டு உம்மைத்தான் பிடிப்பினம். பொய் அறிக்கை எழுதினவள் எண்டு."

பொய்தானே எழுதியிருக்கிறேன் என்றேன். திரும்பி உள்ளே போனபோது, கத்தியோடு விரட்டப்பட்டாரே, அந்தப் பெண் உத்தியோகத்தர் பேசிக்கொண்டிருந்தார். கை இன்னும் கட்டோடுதான் இருந்தது. தானும் இந்த வருடத்தில் அப்படிப் பார்க்காமலே பார்த்ததாக எத்தனை எழுதியிருப்பேன் என்று நினைத்துப் பார்க்கப் பயமாக இருக்கிறது என்றார். யாரும் யாருடைய முகத்தையும் பார்க்கவில்லை. அந்த அறையில் இருந்த ஒவ்வொருவரும் மனதுக்குள் தங்கள் அலுமாரியைத் திறந்திருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

செயலாளர் கதவருகில் நின்று அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு மேசைக்கு வந்து, கூட்டக் குறிப்பில் இப்படி எழுதச் சொன்னார்: ஆபத்தில் இருக்கும் பிள்ளையின் விஷயம் போராட்டத்துக்கு வெளியே. எழுதி முடிந்ததும் என்னைப் பார்த்து, பிள்ளையைக் கூட்டிவரக் கொழும்புக்கு நானும் வாறன் என்றார்.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கோப்புகளைத் தூக்கிக்கொண்டு பிரதேச செயலாளரின் அறைக்குப் போனோம். அவர் ஒரு சிங்களப் பெண்மணி. கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். காலை ஏழரைக்கு வந்தால் மாலை ஆறு வரை இருப்பவர். மேசை நிறைந்து, பிறகு நாற்காலிகள் நிறைந்து, பிறகு தரையிலும் வைத்தோம். அவருக்கு எங்களைப் பார்க்கவே முடியவில்லை. கோப்புகளுக்கு மேலாக எட்டிப் பார்த்துப் பேசினார். இன்றிலிருந்து இந்தப் பிள்ளைகளுக்கு யார் பொறுப்பு என்று கேட்டார். நியாயமான கேள்வி. நேற்று வரை யார் பொறுப்பு என்று நினைத்தீர்கள் மேடம் என்று எங்கள் சங்கச் செயலாளர் சிங்களத்தில் திருப்பிக் கேட்டார்.

நான் நீலக் கோப்பை மட்டும் கையில் வைத்திருந்தேன். அதைத் திறந்து படத்தையும் என் குறிப்பையும் அவர் முன்னால் வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். அவருடைய முகம் வெளிறியது. இவ்வளவு வேலை என்றால் ஏன் எனக்கு எழுத்தில் தரவில்லை என்று கேட்டார். தந்திருந்தேன். ஒன்றரை வருடத்தில் நான்கு கடிதங்கள். பிரதிகளைக் கொண்டுபோயிருந்தேன். ஒவ்வொன்றின் ஓரத்திலும் 'கண்டேன்' என்று சிங்களத்தில் எழுதி அவரே ஒப்பம் வைத்திருந்தார்.

அவர் நான்கையும் வாசித்தார். முதல் முறையாக வாசிப்பவரைப் போல மெதுவாக வாசித்தார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த அறையில் நாங்கள் எட்டுப் பேர் நின்றோம். யாருக்கும் வென்றுவிட்டோம் என்ற உணர்வு இருக்கவில்லை. பிறகு அவர் மணியடித்துச் சாரதியைக் கூப்பிட்டார். ஒரு வருடமாக நாங்கள் கேட்டும் கிடைக்காத வாகனம் மறுநாள் காலை கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை வெளிச்சம் வரும்போதே புறப்பட்டோம். நான், செயலாளர், அந்த இளம் பெண் பொலிஸ். போன் இலக்கத்தை வைத்துப் பொலிஸார் முகவரியைக் கண்டுபிடித்திருந்தார்கள். கொழும்புக்கு வெளியே ஒரு அமைதியான தெரு. உயரமான மதில், பூச்சாடிகள். கதவைத் திறந்த வீட்டுக்கார அம்மா எங்களை உட்காரச் சொன்னார். ஒரு பதற்றமும் இல்லை. பிள்ளையை நன்றாகத்தான் வைத்திருக்கிறோம், வேண்டுமானால் நீங்களே பாருங்கள் என்றார். என் குறிப்பில் நான் எழுதியிருந்த அதே தொனி.

பிள்ளை பின்பக்கத்திலிருந்து வந்தாள். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தாள். புருவத்தில் தழும்பு. தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். விரல் நுனிகள் சவர்க்காரத்தில் ஊறி வெள்ளையாகி வெடித்திருந்தன. இடது முழங்கைக்குக் கீழே ஒரு சூட்டுக் காயம், ஆறிக்கொண்டிருந்தது. எப்படி என்று கேட்டேன். அயர்ன் பண்றப்போ என்றாள். அவளாகச் சுட்டுக்கொண்டதா வேறா என்று எனக்குத் தெரியவில்லை. வைத்தியர் பார்த்து எழுதட்டும் என்று விட்டுவிட்டேன். என் கண்ணை நம்பி எதையும் எழுத எனக்குத் துணிவில்லாமல் போயிருந்தது.

வீட்டுக்குப் போவோமா என்று கேட்டதும் அவள் வீட்டுக்கார அம்மாவின் முகத்தைப் பார்த்தாள். பெண் பொலிஸ் போய் அவள் தோளில் கை வைத்த பிறகுதான் நகர்ந்தாள். ஒரு பையில் இரண்டு சட்டை. வேறு ஒன்றும் இல்லை.

வாகனத்தில் பிள்ளை என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கினிகத்தேனை தாண்டிக் குளிர் ஏறத் தொடங்கியதும் செயலாளர் தன் சுவெட்டரைக் கழற்றிக் கொடுத்தார். அது அவளுக்கு முழங்கால் வரை வந்தது. கைகளை உள்ளே இழுத்துக்கொண்டு உட்கார்ந்தவள், என் பக்கம் திரும்பிக் கேட்டாள்.

"நீங்கதானா மிஸ் எங்க லயத்துக்கு வந்து பாத்தது?"

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"அத்த போன்ல சொன்னாங்க. ஒப்பீஸ் மிஸ் வந்து எல்லாம் சரின்னு எழுதிட்டுப் போயிட்டாங்க, இனிமே யாரும் தேட மாட்டாங்கன்னு. அதுக்கப்பறம் நான் அழுவல."

அவள் குரலில் கோபம் இல்லை. பஸ் இந்த நேரத்துக்கு வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். நான் ஆமாம், நான்தான் என்றேன். மன்னித்துக்கொள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வார்த்தையைச் சொல்லி அவளிடமிருந்து பதில் வாங்க எனக்கு என்ன உரிமை? முன் ஆசனத்தில் செயலாளர் கண்ணாடிப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். தமிழ் தெரியாத பெண் பொலிஸ் என்னைப் பார்த்து, என்ன சொன்னாள் என்று கேட்டாள். நான் சிங்களத்தில் மொழிபெயர்த்தேன். பாதி வரையில்தான் சொல்ல முடிந்தது.

நீதவானின் உத்தரவுப்படி பிள்ளையை ஒரு சிறுவர் இல்லத்தில் விட்டோம். வீட்டுக்காரர்கள் மீதும் தரகுப் பெண் மீதும் வழக்குத் தொடரப்பட்டது. அது இன்னும் நடக்கிறது. அத்தையையும் கூப்பிட்டு விசாரித்தார்கள். அவர் மீது கடுமையாக எதுவும் செய்ய வேண்டாம் என்று நான் எழுதிக் கொடுத்தேன். அந்த நாட்டிலுள்ள எங்கள் தூதரகம் வழியாகத் தாயைக் கண்டுபிடிக்க நான்கு மாதம் ஆனது. போனை எஜமானி பிடுங்கி வைத்திருந்தாளாம். மகள் கொழும்புக்குப் போனதே அவருக்குத் தெரியாது. திரும்பி வந்து, இப்போது அதே தோட்டத்தில் பெயர் பதிந்து வேலை செய்கிறார்.

தாய் வந்த பிறகு பிள்ளையைப் பாடசாலையில் மறுபடியும் சேர்க்க நானும் போனேன். ஒரு வகுப்பு கீழே உட்கார வேண்டும் என்றார் அதிபர். பிள்ளை சரி என்று தலையாட்டினாள். அவளோடு அத்தையின் மகளும் வந்திருந்தாள், நான் ஆள் மாறிப் பார்த்த அந்த உருண்டை முகப் பிள்ளை. மற்றவர்கள் அதிபரின் அறையில் இருக்கும்போது, வாசலில் நின்ற என்னிடம் அவள் மெதுவாக வந்தாள். ஏதோ சொல்ல வேண்டும் என்று பல நாளாக வைத்திருந்தது போல, மூச்சு விடாமல் சொன்னாள்.

"மிஸ், அன்னைக்கி ஸ்கூலுக்குப் போறீங்களான்னு என்னயத்தானே கேட்டீங்க. நான் போறேன்னுதான் சொன்னேன். நான் பொய் சொல்லல மிஸ்."

இத்தனை நாளும் இந்தப் பிள்ளை, தான் சொன்ன ஒரு வார்த்தையால்தான் மச்சாளுக்கு இப்படி ஆனது என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறாள். கோப்பில் அவளுக்கு ஒரு பக்கம்கூட இல்லை. முட்டிபோட்டு உட்கார்ந்து, நீ பொய் சொல்லல கண்ணு, மிஸ்தான் தப்பாக் கேட்டேன் என்றேன். அவள் நம்பினாளா தெரியவில்லை. மணி அடித்தது, ஓடிவிட்டாள்.

இதற்கிடையில் போராட்டமும் நடந்தது. சட்டப்படி வேலை தொடங்கி இரண்டு வாரம் கழித்துச் சுகயீன விடுமுறை எடுத்துக்கொண்டு கச்சேரி வாசலில் நின்றோம். மழையில் பதாகைகளின் எழுத்து கரைந்து வழிந்தது. சிங்கள உத்தியோகத்தர்களும் தமிழ் உத்தியோகத்தர்களும் ஒரே குடைக்குள் இரண்டு மூன்று பேராக நின்றார்கள். ஒலிவாங்கியைச் செயலாளர் என்னிடம் நீட்டினார். பேசுவதா வேண்டாமா என்பதை என்னிடமே விட்டிருந்தார். நான் பேசினேன். எங்களுக்கு ஆள் தாருங்கள் என்று தொடங்கவில்லை. ஒரு பிள்ளை நலமாக உள்ளார் என்று எழுதினேன், அந்தப் பிள்ளையை நான் பார்க்கவே இல்லை என்று தொடங்கினேன். பிள்ளையின் பெயரையோ தோட்டத்தையோ சொல்லவில்லை. வீதியில் போன சிலர் நின்று கேட்டார்கள். மரக்கறி மூட்டையோடு நின்ற ஒரு பெண், அப்ப எங்க புள்ளைங்களையும் இப்படித்தான் எழுதினீங்களா என்று கேட்டார்.

செயலாளர் பயந்தது நடந்தது. இரண்டு பத்திரிகையில் என்னைப் பற்றித்தான் போட்டார்கள். ஆள் பற்றாக்குறை கடைசிப் பந்தியில் வந்தது. எனக்கு விளக்கம் கோரிக் கடிதம் வந்தது. விசாரணை நடந்தது. பிரதேச செயலாளர் சாட்சி சொல்ல வந்து, அந்த நான்கு கடிதங்களையும் தானே கொண்டுவந்து மேசையில் வைத்தார். அவரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. கடுமையான எச்சரிக்கை என்று தீர்ப்பு வந்தது. அவருக்கும் இடமாற்றம் வந்தது. அது இதற்காகத்தானா என்று தெரியாது. போகும் நாளில் என் மேசைக்கு வந்து கொஞ்ச நேரம் நின்றார். இருவரும் மழையைப் பற்றிப் பேசினோம்.

போராட்டம் ஆறு வாரத்தில் எழுத்துமூல வாக்குறுதியோடு நிறுத்தப்பட்டது. தனியாகக் களத்துக்குப் போக வேண்டாம் என்று சுற்றறிக்கை வந்தது. ஒருவருக்கு இத்தனை கோப்புதான் என்ற எல்லையை இன்னும் யாரும் ஒப்புக்கொள்ளவில்லை. எங்கள் அலுவலகத்து வெற்றிடங்கள் இரண்டில் ஒன்றுக்கு ஆள் வந்தார். குருநாகல் பக்கத்துச் சிங்களப் பெண், நல்ல மனசு, தமிழ் தெரியாது. அவர் போகும் வீடுகளுக்கு மொழிபெயர்க்க நானும் போகிறேன். ஆக அந்தத் தோட்டங்கள் இன்னும் என் கையை விட்டுப் போகவில்லை.

அந்த வருடத்தில் நான் எழுதிய எல்லா விஜயக் குறிப்புகளையும் எடுத்து, கோப்பும் படமுமாக ஒவ்வொரு வீடாக மறுபடியும் போனேன். யாரும் சொல்லிப் போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் செயலாளரும் துணைக்கு வந்தார். பெரும்பாலும் சரியான பிள்ளைகள்தான். சிலர் உண்மையிலேயே நலமாக இருந்தார்கள், சிலர் அப்படியில்லை. கந்தப்பளைப் பக்கம் ஒரு குடும்பம் மட்டும் லயத்தைக் காலி செய்துகொண்டு போயிருக்கிறது. எட்டு வயது ஆண் பிள்ளை. எங்கே போனார்கள் என்று பக்கத்து வீட்டாருக்கும் தெரியவில்லை, கிராம உத்தியோகத்தருக்கும் தெரியவில்லை. வடக்கே வவுனியாவில் ஒரு பாடசாலையில் அந்தப் பெயரில் ஒரு பிள்ளை சேர்ந்திருப்பதாகச் சொன்னார்கள். நாளை மறுநாள் அங்கே விசாரிக்கப் போகிறோம். படத்தை எடுத்து வைத்திருக்கிறேன்.